விசுவாசம் பத்தலையாம்!

அஸ்தினாபுரம் பஸ் ஸ்டாப் பக்கம் சுவர் முழுக்க போஸ்டர். கடன் தீரும், வேலை கிடைக்கும், வாங்கன்னு. போன வருஷம் எனக்கு வேலை போய் நாலு மாசம் வீட்ல உக்காந்திருந்தப்போ, ஜெபம் பண்ண வந்த பிரதர் ஒருத்தர் எங்கம்மாகிட்ட சொன்னார்: "தம்பிக்கு விசுவாசம் பத்தலை சிஸ்டர்." அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை.

அவரை ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தேவசகாயம் பிள்ளைக்கும் பத்தலையா?

நட்டாலத்துல பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர்ல அரசாங்க உத்தியோகம். சொத்து நஷ்டமாகி நொந்து கிடந்தவருக்கு, 1741 குளச்சல் சண்டையில பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் சொன்னது யோபு கதையைத்தான்னு சொல்வாங்க. 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம். அப்புறம் செழிப்பா வாழ்ந்தாரா? 1749ல கைது. சங்கிலி, அடி, எருமை மேல ஏத்தி ஊர் ஊரா ஊர்வலம். மூணு வருஷம் இப்படியே. 1752ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. கடைசி வரைக்கும் விசுவாசத்தை விடலை. பேரோ தேவ சகாயம்! (2022ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. நாங்க சி.எஸ்.ஐ., இருந்தாலும் பெருமைதான்.)

யோபு கதையிலயும், "நீ ஏதோ தப்பு பண்ணியிருக்கே"ன்னு வியாக்கியானம் பேசின மூணு சிநேகிதர்கள் மேலதான் கடைசியில கர்த்தருக்குக் கோபம். 42ஆம் அதிகாரம். பிரதர் அதுவரைக்கும் படிக்கலை போல.

இப்போ எனக்கு வேலை கிடைச்சிருச்சு. அதை மேடையேறி சாட்சி சொல்லணுமாம், கூப்பிடறது அதே பிரதர். மாட்டேன்னுட்டேன். அந்த நாலு மாசமும் விடியக்காலைல வேதத்தைத் திறந்து உக்காந்த அம்மா, எனக்கு வேலையே வராம போயிருந்தாலும் உக்காந்திருப்பாங்க. அதைச் சொல்ல மைக் தருவாரான்னு கேட்டுச் சொல்லுங்க.