அம்பிளிபயருக்கும் பொருத்தம் பார்க்கிறார்கள்

சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன் வாங்கிய நண்பர், அதைப்போல இரு மடங்கு விலையில் அம்பிளிபயர் தேடுகிறார். 'பொருத்தம்' பார்க்கிறாராம். கல்யாணத் தரகர்கள் தோற்றார்கள்!

300 ஓம் என்ற இலக்கத்தைக் காட்டியே வணிகர்கள் வெருட்டுகிறார்கள். 1 வோல்ற் கொடுத்தால் அது ஏற்கும் வலு வெறும் 3.3 மில்லிவாற், ஒலியோ 100 டெசிபெலைத் தாண்டிவிடும். மேனாட்டுச் செவ்விசையின் உச்சங்களுக்கு இன்னும் சில வோல்ற் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதை 100 டொலர்க் கருவியே தரும்.

வால்வு அம்பிளிபயரின் 'இதம்' என்கிறார்கள். அதன் வெளியீட்டுத் தடை 120 ஓம் என்றால், 100 ஹேர்ட்ஸ் அருகே ஹெட்போனின் தடை 500 ஓம் அளவுக்கு உயர்வதால், அவ்விடத்து ஒலி ஏறத்தாழ 1 டெசிபெல் தூக்கி நிற்கும். அவ்வளவே. அதை ரசிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆன்மா என்று விற்பதையே ஆட்சேபிக்கிறேன்.

1987இல் ஸ்டீரியோ ரிவியூ சஞ்சிகை, ஒலிபெருக்கிகளுக்கான அம்பிளிபயர்களைப் பெயர் மறைத்து ஒப்பிட வைத்தது. மலிவானதையும் பல்லாயிரம் டொலர் பெறுமதியானதையும் கேட்டோரால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. ஆயினும் புகழுரைகள் ஓயவில்லை. விளம்பரம் தருபவரின் பொருளை விமர்சிக்கும் சங்கடம் பத்திரிகைக்காரனான நான் அறியாததல்ல.

இரண்டையும் ஒரே ஒலியளவில், கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கத் தயாரா என்று நண்பரிடம் வினவினேன். கோபித்துக்கொண்டார்.