பேனாவா, ஊசியா?

அக்கா பையனுக்குப் பத்தொன்பது வயசு. காதலியின் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொள்ளக் கிளம்பினான். 'நீயும் கூடப் போய் எப்படியாவது தடுத்துடுடா' என்று அக்கா கண்ஜாடை காட்ட, நானும் தொற்றிக்கொண்டேன்.

தி.நகரில் ஒரு மாடிக் கடை. கடைக்காரர் ஊசியை எடுக்கவில்லை. பேனாவை எடுத்தார்!

"தம்பி, அதே இடத்துல தினமும் நீயே எழுதிக்கோ. ஆறு மாசம் அலுக்கலைன்னா வா."

"ஏன் சார்?"

"மேல்தோல் உதிர்ந்து மாசத்துக்கு ஒரு தடவை புதுசா வந்துடும். மை இறங்குறது அதுக்கும் கீழே. உதிராது. லேசர்ல அழிக்கலாம், பல தடவை போகணும், குத்தினதைவிடச் செலவு. குத்தினப்புறம் 12 மாசம் ரத்த தானம் பண்ண முடியாது. எங்கே குத்திக்கிட்டாலும் புது ஊசியை உன் கண்ணெதிர்ல பிரிக்கச் சொல்லு."

"அப்போ குத்திக்கவே கூடாதுங்கறீங்களா?"

"அவசரம் கூடாதுங்கறேன்."

எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால், தாத்தா பெயர் குத்திய முன்கையை நீட்டுவாள். தாத்தா போய்ப் பல வருஷம் கழித்தும், மங்கிப்போன அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் யாரிடமும் யோசனை கேட்டதில்லை.

பையன் வரும் வழியிலேயே பேனா வாங்கினான். இப்போது நாலு மாசம் ஆகிறது. இரண்டு பேனா தீர்ந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

அக்காதான் பெண்ணின் ஊர், அப்பா பேரெல்லாம் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறாள்!