மருந்து வாடைக்குச் சண்டை போட்ட பெற்றோருக்கு

காட்டூரிலும் சுற்றியுள்ள பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களே, அப்பாக்களே,

டேங்க் ஆபரேட்டரிடம் நாம் எதற்கெல்லாம் சண்டை போடுகிறோம் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை என்றால் சண்டை. கடைசித் தெருவுக்கு ஏறவில்லை என்றால் சண்டை. இதெல்லாம் நியாயம். இன்னொரு சண்டையும் போடுகிறோமே, அதைத்தான் இங்கே கேட்க வந்தேன். "என்னாங்க இது, தண்ணி பூரா மருந்து வாடை அடிக்குது? சோறு பொங்கினா சோத்துலயும் நாறுது. கொஞ்சம் கம்மியா போடுங்க." நாலு பேர் நாலு தரம் இப்படிச் சொன்னால் அந்த மனிதர் என்ன செய்வார்? கம்மியாகத்தான் போடுவார். அப்புறம் போடாமலே விட்டுவிடுவார். பிளீச்சிங் பவுடரும் மிச்சம், ஊராரிடம் வாங்கும் ஏச்சும் மிச்சம். அடுத்த மழைக்கு நம் பிள்ளைக்கு வாந்தி பேதி வந்தால், "பஞ்சாயத்துத் தண்ணி சரியில்ல" என்று நாமே திட்டுகிறோம்.

நம் ஊர்ப்பக்கத்தில் தண்ணீருக்கு நாக்குதான் நீதிபதி. ஒரு வாய் குடித்துப் பார்ப்போம். உப்புக் கரித்தால் கெட்ட தண்ணீர், கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர். இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. 1960களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வில்தான் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து நிலத்தடி நீர் கணக்கிடப்பட்டது. அதற்குப் பிறகு சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயலுக்குமாக இந்த மண்ணிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் இறைத்துக்கொண்டே இருந்தன. நல்ல தண்ணீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் நிலத்தடியில் நகர்ந்து வந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் உவர்நீர் கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்கும் மேலே உள்ளே புகுந்துவிட்டதென்று ஆய்வுகள் சொல்கின்றன. பாட்டி காலத்தில் குடித்த கிணறு அம்மா காலத்தில் துணி துவைக்க மட்டும் ஆனது இப்படித்தான்.

2010இல் நம் பக்கத்துக் காட்டுப்பள்ளியிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. நாளுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் திறன் கொண்டது. கடல் நம்முடையது, குழாய் போனது வடசென்னைக்கு. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு, அதைப் பேச வேண்டிய இடத்தில் பேசத்தான் வேண்டும். ஆனால் ஊரை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, நம் வீட்டுக் குடத்தை நாம் பார்க்காமல் இருப்பது எந்த ஊர் நியாயம்?

உப்பை நாக்கு கண்டுபிடிக்கும். பிள்ளையைப் படுக்கையில் போடும் கிருமியை நாக்கு கண்டுபிடிக்காது. டைபாய்டு கிருமிக்கும் மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் ருசி கிடையாது, நிறமும் கிடையாது. கற்கண்டு மாதிரி தித்திக்கும் தண்ணீரிலும் அவை இருக்கலாம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 உப்பையும் கிருமியையும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க அளவு. வேறு வழியே இல்லாத ஊரில் 2000 வரைக்கும் போகலாம் என்று விட்டுக்கொடுக்கிறது. ஈ.கோலை என்கிற மலக்கிருமிக்கு அந்த விட்டுக்கொடுத்தல் இல்லை. 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நாம் நேர் தலைகீழாக நடக்கிறோம். உப்புக்குக் கொந்தளிக்கிறோம், கிருமியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நாம் வெறுக்கிற அந்த மருந்து வாடைதான் கிருமிக்கு எதிரான காவல். 1000 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். அதைக் கரைத்து, தெளிந்த நீரைத் தொட்டியில் விட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். கிருமியைக் கொன்ற பிறகும் கொஞ்சம் குளோரின் மீந்து, குழாய் வழியே நம் வீடு வரை வர வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. வழியில் ஏதாவது கலந்தால் அதையும் கொல்லத்தான் அந்த மிச்சம். லேசாக வாடை வந்தால் தொட்டிக்காரர் வேலையைச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் பாத்திரத்தில் பிடித்து மூடி வைத்து, மறுநாள் குடியுங்கள், வாடை குறைந்துவிடும். அதற்காக ஊர்த் தொட்டியில் போடாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

"எங்க வீட்ல கேன் தண்ணிதான்" என்று சொல்லி நழுவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேன் வாங்குவது தப்பில்லை. ஆனால் அதில் எதை நம்புகிறோம்? உப்பு எடுத்திருக்கிறார்கள், நாக்குக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். உப்பு எடுக்கும் ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் போகும் முன்பே குளோரினையும் நீக்கிவிடுவார்கள். ஆகவே கேனுக்குள் அழுக்குக் கை பட்டாலோ, கழுவாத கேனில் நிரப்பினாலோ, கிருமியைக் கொல்ல அங்கே காவல் கிடையாது. மேலே ஒட்டிய தாளில் உரிம எண் இருக்கிறதா, நிரப்பிய தேதி இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? சந்தையில் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு எடுப்போமா? பிள்ளை குடிக்கும் கேனுக்கு மட்டும் ஏன் அந்தக் கண் இல்லை?

அதைவிடப் பெரிய விஷயம், பிள்ளை கேனோடு பள்ளிக்கூடம் போவதில்லை. அங்கன்வாடியில் அது குடிப்பதும், பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் சமைப்பதும், தட்டு கழுவுவதும் குழாய்த் தண்ணீரில்தான். விளையாடி வியர்த்து வரும் பிள்ளை யார் வீட்டுக் குழாயில் வாய் வைக்கிறது என்று நமக்குத் தெரியாது. கேன் வாங்குகிற வீடு குழாயைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறது. பேசக்கூடிய வசதியுள்ள வீடுகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டால், கேன் வாங்க முடியாத வீட்டுக்காக யார் பேசுவது? அந்த வீட்டுப் பிள்ளைதானே நம் பிள்ளையின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது?

இப்போது தெருக்குழாய்க்கு வாருங்கள். தண்ணீர் வேகம் குறைவு என்று குழாயடியில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருப்போம். குடம் உள்ளே இறங்க வேண்டுமே. குழாய் வாயில் ஒரு பச்சை ட்யூப், அது நழுவாமல் இருக்கப் பழைய துணியால் ஒரு கட்டு. பள்ளத்தின் அடியில் போன மழையின் தண்ணீர், பாசி, பாத்திரம் கழுவிய சோற்றுப் பருக்கை, நாய் வந்து நக்கிய தடம். தண்ணீர் நின்றதும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். ட்யூபின் நுனி அந்தக் குட்டையிலேயே கிடக்கிறது. தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. குறைந்தால் ட்யூப் வழியே குட்டைத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். மறுநாள் காலையில் முதல் குடத்தில் வருவது அதுதான். அந்த முதல் குடம் உங்கள் வீட்டுக்கு வரலாம், கீழ்த்தெருவில் பச்சை உடம்புக்காரி வீட்டுக்கும் போகலாம்.

இன்னும் சில வீடுகளில் பஞ்சாயத்துக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி இழுக்கிறார்கள். மோட்டார் நல்ல தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. எங்கே இணைப்பு விட்டிருக்கிறதோ அங்கேயிருந்து மண்ணின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். நம் ஊரோ ஏரிக்கரை ஊர். மணல், நீர்மட்டம் மேலே, கக்கூஸ் குழி பக்கத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் ஏரியும் நிறைந்தால் குழி எது, நிலத்தடி நீர் எது என்று வித்தியாசமே இருக்காது. ஒரு வீட்டின் அவசரத்துக்காகத் தெரு முழுக்கக் கழிவை இழுத்துக் கொடுக்கிற மோட்டார் அது. தெரிந்தும் பக்கத்து வீட்டுக்காரர் மனம் நோகுமே என்று பேசாமல் இருக்கிறோம்.

வீட்டுக்குள்ளும் நம் லட்சணம் இதுதான். குடத்துக்கு மூடி இருக்காது. இருந்தாலும் டம்ளரை அப்படியே முக்கி எடுப்போம். இறால் உரித்த கை, குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கை, எல்லாம் அந்தக் குடத்துக்குள் போய் வரும். நீள்பிடிக் கரண்டி ஒன்று போதும், இல்லையென்றால் அடியில் குழாய் வைத்த பாத்திரம். கைக்குழந்தை இருக்கும் வீடும் காய்ச்சல் வீடும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கொதிப்பு வந்த பிறகு ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமி சாகும். உப்பு போகாது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

"நம்ம சொன்னா யார் கேப்பாங்க?" என்பீர்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று நம் முன்னோர் பாடு என்ற முறை வைத்தார்கள். அதிகாரி வந்து சொல்லித் தரவில்லை, போலீஸ் வந்து காவல் நிற்கவில்லை. முறை தவறினால் ஊர் கூடும், கேட்கும், தண்டம் போடும். இப்படிக் கட்டுப்பாடாக நடக்கத் தெரிந்த ஊருக்கு, குழாயடிப் பள்ளத்தை மூடவும் மோட்டாரைக் கழற்றவும் ஒரு கூட்டம் போடத் தெரியாதா?

ஊர் கூடினால் மட்டும் போதாது, தண்ணீரைச் சோதிக்கவும் வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. எப்போது தெரிந்தது? பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போய், தண்ணீர் மேல் சந்தேகம் வந்து, ஊர்க்காரர்கள் மேலே ஏறிப் பார்த்த பிறகு. அமெரிக்காவில் ஃப்ளின்ட் என்ற நகரில் 2014இல் குடிநீருக்கு ஓர் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. அதிகாரிகள் தண்ணீர் நல்லது என்றே சாதித்தார்கள். லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் தன் வீட்டுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, பல்கலைக்கழக ஆய்வாளர்களை வரவழைத்து, அக்கம்பக்கத்து வீடுகளிலும் மாதிரி எடுக்க வைத்தார். ஒரு குழந்தை மருத்துவர் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் காட்டினார். 2015 அக்டோபரில் பழைய நீருக்கே திரும்பினார்கள். கூச்சலுக்குப் பதில் சொல்லாத அரசு, பரிசோதனைச் சீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

நமக்கும் அந்தச் சீட்டு கிடைக்கும். ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சியும் சோதனைப் பெட்டியும் தர வேண்டும். நம் ஊரில் அந்த 5 பேர் யார் என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். அந்தப் பெட்டியில் குளோரின் பார்க்கும் மருந்து இருக்கும். சில துளி விட்டால் தண்ணீர் மஞ்சளாக மாற வேண்டும், மாறாவிட்டால் குளோரின் இல்லை. கிருமி பார்க்கச் சின்னக் குப்பி ஒன்றும் இருக்கும். தண்ணீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு உள்ள தண்ணீர் கறுத்துவிடும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், அன்றைக்கே குளிர்ச்சியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் பெட்டிக்கு நமக்கென்ன பஞ்சமா?

கிராம சபை வருடத்துக்கு 6 தரம் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நூறு நாள் வேலைக்கும் வீட்டுப் பட்டாவுக்கும் போய்க் கேட்கிற நாம், அன்றைக்கு மூன்று கேள்வி கேட்போம். தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி என்ன, அதைத் தொட்டியிலேயே எழுதியிருக்கிறார்களா? கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் எவ்வளவு, யார் பார்த்தார்கள்? கிருமிச் சோதனை எப்போது நடந்தது, அந்தச் சீட்டு எங்கே? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும்.

அதற்கு முன்னால் நம் பங்கு வேலையை முடித்துவிட்டுப் போவோம். பள்ளத்தை மூடுங்கள், ட்யூபைக் கழற்றுங்கள், மோட்டாரை எடுங்கள், குடத்துக்கு மூடி போடுங்கள். இன்று மாலை டேங்க் ஆபரேட்டரைப் பார்த்தால், மருந்தைக் குறைக்காமல் அளவாகப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்னது யார் என்று கேட்டால், பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் என்று சொல்லுங்கள்.