பூட்டு இருந்தால் மட்டும் போதுமா?



"ஒனக்கு இதெல்லாம் எதுக்கும்மா? போய் ஒன் சோலியப் பாரு." இன்டர்நெட் பற்றி எதைக் கேட்டாலும் என் மகன் சொல்லும் பதில் இதுதான். உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

நானும் பேசாமல்தான் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த நாலாயிரம் ரூபாயைப் பறிகொடுத்த பிறகு மனசு கேட்கவில்லை. 'கரண்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்' என்று செல்போனில் ஒரு செய்தி, அதன் கீழே ஒரு முகவரி. "பூட்டுப் படம் இருந்துச்சு, அதான் நம்பி ஏ.டி.எம். கார்டு நம்பரையெல்லாம் குடுத்தேன்" என்று அழுதார்.

கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகளை உட்கார வைத்து விவரம் கேட்டேன். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள வகுத்த முறைக்குப் பெயர் புரோட்டோகால். ஒவ்வொன்றுக்கும் பின்கோடு மாதிரி ஓர் எண் உண்டு, அது ஐ.பி. முகவரி. நாம் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண்ணைத் தேடிக் கொடுப்பது டி.என்.எஸ். போனில் 'அம்மா' என்று பதிந்து வைத்துக் கூப்பிடுகிறோமே, அது போல!

எச்.டி.டி.பி. என்பது தபால் கார்டு. வழியில் யாரும் படிக்கலாம். எச்.டி.டி.பி.எஸ். என்பது ஒட்டிய இன்லேண்ட் லெட்டர். பூட்டுப் படம் அதைத்தான் காட்டுகிறது. ஆனால் இன்லேண்ட் லெட்டரை மோசடிக்காரனும் வாங்கி எழுதலாமே! வழி பத்திரம் என்பதால் ஆள் நல்லவன் என்று ஆகிவிடாது.

பின் எதைப் பார்ப்பது? இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு அடுத்த சாய்கோடு வரை உள்ளதுதான் விலாசம். அதில் கடைசிப் பகுதிதான் முக்கியம். கவரின் முதல் வரியில் எவ்வளவு பெரிய பெயர் எழுதினாலும் தபால் கடைசியில் உள்ள ஊருக்குத்தானே போகும்? 'கவ் டாட் இன்' என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. அதை நடுவில் செருகி வேறு பெயரில் முடித்திருந்தால் அது அரசு முகவரி இல்லை.

நம் நாட்டில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். பின்கோடு எழுத நமக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை, பழகிக்கொண்டோம். கேஸ் சிலிண்டருக்குப் பயந்த நாம்தான் இன்று கண்ணை மூடிக்கொண்டு ரெகுலேட்டர் மாட்டுகிறோம். இது மட்டும் வராதா?

வீட்டுப் பணம் நம் கைப்போனுக்குள் வந்துவிட்டது. அதன் வாசலைப் பற்றித் தெரிந்துகொள்வதும் இனி நம் சோலிதான். பிள்ளைகள் எரிந்து விழுந்தாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் ஒளித்து வைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அக்கா வீட்டுக்காரருக்குப் பயந்து இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. பணம் போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

- ஒரு வாசகி, கயத்தாறு.