வேலைக்குப் போவதா, பிள்ளையைப் பார்ப்பதா? கணக்கு இடிப்பது அந்த ஒன்றரை வருஷத்தில்தான்

"கைப்புள்ளையை விட்டுட்டுப் போயி என்னத்தம்மா சம்பாதிக்கப் போற?" திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பலர் இதை மாமியார் வாயிலிருந்து ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள்.

கணக்கைப் போட்டுத்தான் பார்ப்போமே. ஜவுளிக்கடையில் மாதம் 10,000 ரூபாய் சம்பளம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான்; வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாகணும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அதற்கொரு தொகை. எல்லாம் போக மிச்சம் சொற்பம். "இதுக்கு வீட்லயே இருந்துடலாமே" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

ஆனால் ஆள் கூலியை அம்மா சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்கிறோம்? அப்பாவுக்கும் அது பிள்ளைதானே! இரண்டு பேர் சம்பளத்தையும் கூட்டிக் கழித்தால் வேறு விடை வரும்.

அடுத்த சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். தனியாரில், 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். இருபது பேர் நிற்கும் ஜவுளிக்கடைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அங்கன்வாடியோ 2 வயதில்தான் பிள்ளையைச் சேர்க்கும். அதுவும் கடை சாத்தும் வரை திறந்திருக்காது. ஆக, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை பிள்ளையை யார் பார்ப்பது? அம்மாச்சி பக்கத்துத் தெருவில் இருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான். இதைப் போய் 'அவங்க விருப்பம்' என்கிறோம்.

விரும்பியே வீட்டில் இருப்பவர்களும் உண்டு. அது சும்மா இருப்பது ஆகாது. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சரிபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்கு என்று வந்த பிறகுதான் அந்த உழைப்புக்கு விலை தெரிகிறது, பாருங்கள்.

மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியுடன் சேர்ந்த காப்பகங்களுக்கு இடமிருக்கிறது. 6 மாதக் குழந்தையிலிருந்தே சேர்க்கலாம். விடுபட்டிருக்கும் ஒன்றரை வருஷத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு இது. திண்டிவனம், விழுப்புரம் பஸ் நிலையங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் ஆளுக்கொன்று அமைத்து, கடைசிக் கடை சாத்தும் வரை திறந்து வைக்கட்டும். அதன் பிறகு எத்தனை பேர் வீட்டில் இருக்க விரும்புகிறார்கள் என்று கேட்கலாம்.