மெதுவாக மிதிக்கத் தெரியாதவர்கள்

சைக்கிள் பயிற்சித் திட்டத்தை மீறுகிறவர் என்றதும் நம் மனதில் ஒரு ஆள் வருவார். புது வருஷத்தில் ஆசையாக ஸ்மார்ட் டிரெய்னர் வாங்குவார். பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். மூன்றாவது வாரம் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவார். ஐந்தாவது வாரம் அந்த ஹேண்டில்பாரில் ஈரத்துண்டு காயும். ஒழுக்கம், விடாமுயற்சி, 'சாக்கு சொல்லாதே' என்று விடிகாலையில் வாட்ஸப் குழுக்களில் வந்து விழும் உபதேசமெல்லாம் இவரைக் குறிவைத்துத்தான்.

என் கட்சி வேறு. துண்டு காயப்போட்டவர் திட்டத்தை விட்டுவிட்டார், அவ்வளவுதான். அவரால் யாருக்கும் நஷ்டமில்லை. திட்டத்தை உண்மையாகவே சிதைப்பவர்கள் ஒருநாள்கூடத் தவறாமல் மிதிக்கிறவர்கள். சொன்னதைவிட ஜாஸ்தி செய்கிறவர்கள். ஊரே பாராட்டும் இந்த உழைப்பாளிகளைத்தான் நான் திட்டப்போகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன் என்பதால் உரிமையோடு திட்டலாம்.

டிரெய்னர் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இந்தக் கருவியில் மாட்டினால், நாம் எத்தனை வாட் சக்தி கொடுக்கிறோம் என்று காட்டும். சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச சக்திக்கு எஃப்டிபி என்று பெயர். நிறைய பேர் 20 நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்து, அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை எஃப்டிபி என்று எடுத்துக்கொள்வார்கள். அதை வைத்து மண்டலங்கள் பிரியும். 56 முதல் 75 சதவீதம் வரை இரண்டாம் மண்டலம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதிக்கலாம். 76 முதல் 90 வரை மூன்றாம் மண்டலம், பேச்சு துண்டுதுண்டாகும். 106க்கு மேல் ஐந்தாம் மண்டலம், பேச்சே கிடையாது. எந்த நாளில், எந்த மண்டலத்தில், எத்தனை நிமிடம் என்ற அட்டவணைதான் திட்டம். பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் கடினம், மற்ற நாள் எளிது. மூன்று வாரம் ஏற்றம், நான்காவது வாரம் இறக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் எஃப்டிபி 210 வாட். செவ்வாய்க்கிழமைகளில் திட்டம் கேட்டது 130 வாட், 75 நிமிடம். எர்க் மோடில் போட்டால் டிரெய்னரே எதிர்ப்பைக் கூட்டிக் குறைத்து அந்த 130ஐப் பிடித்துவைக்கும். நாம் காலைச் சுழற்றினால் போதும். மூன்றாவது நிமிடத்திலேயே எனக்கு அரிக்க ஆரம்பிக்கும். திரையில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கூட்டல் குறி. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. 165க்கு ஏற்றிவிடுவேன். வியர்வை தரையில் சொட்டும். 'இன்னிக்கு ஏதோ செஞ்சிருக்கோம்டா' என்று ஒரு திருப்தி.

பயிற்சிச் சுமைக்கு ஒரு மதிப்பெண் கணக்கு உண்டு. எஃப்டிபியிலேயே ஒரு மணி நேரம் மிதித்தால் 100. சக்தி கூடினால் மதிப்பெண் அதன் வர்க்கத்தில் ஏறும். செவ்வாய்க்கிழமை திட்டம் கேட்டது 48. நான் கொடுத்தது கிட்டத்தட்ட 75. வியாழக்கிழமை நிஜமான கடின நாள்: 235 வாட்டில் ஐந்து நிமிடம், ஐந்து தடவை. செவ்வாய்க்கிழமையின் கால்களோடு போனால் மூன்றாவது தடவையே நாக்கு தள்ளும். 220இல் ஒப்பேற்றிவிட்டு இறங்குவேன். இப்படி எளிய நாள் மேலே ஏற, கடின நாள் கீழே இறங்க, இரண்டும் நடுவில் சந்தித்துக்கொண்டன. ஆறு நாளும் ஒரே மாதிரி களைப்பு. திட்டம் என்று எதுவும் மிச்சமில்லை. ஆனால் ஆப்பில் ஒரு கட்டம்கூடச் சிவப்பாக இருக்காது.

இது என் ஒருவனின் வியாதி இல்லை. 2001இல் கார்ல் ஃபோஸ்டரும் அவருடைய சகாக்களும் பயிற்சியாளர் நினைத்ததையும் ஓட்டக்காரர்கள் செய்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எளிது என்று குறித்த நாளில் ஓட்டக்காரர்கள் வேண்டியதைவிடக் கடினமாக ஓடியிருந்தார்கள். கடினம் என்று குறித்த நாளில் வேண்டியதைவிட லேசாக ஓடியிருந்தார்கள். நார்வேயில் பணிபுரியும் ஆய்வாளர் ஸ்டீஃபன் சைலர், உலகத்தரத் தாங்குதிறன் வீரர்களின் பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பத்தில் சுமார் எட்டு எளிதானவையாக இருந்தன. உலகத்திலேயே வேகமானவர்கள் பெரும்பாலான நாட்கள் மெதுவாகத்தான் போகிறார்கள். நம்மால்தான் முடியவில்லை. ஏன்?

என்னளவில் அதற்கான பதில் நாமக்கல்லில் இருக்கிறது.

நான் +2 படித்தது நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில். காலை ஐந்து மணிக்கு ஸ்டடி ஆரம்பித்தால் ராத்திரி பத்தரைக்கு முடியும். அந்தக் காலத்தில் தனியார் பள்ளிகள் பலவற்றிலும் ஊரறிந்த வழக்கம் ஒன்று உண்டு: 11ஆம் வகுப்புப் பாடத்தைத் தொட மாட்டார்கள். அதற்குப் பொதுத்தேர்வு இல்லை, கட்-ஆஃபில் சேராது, எனவே வீண். 12ஆம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு வருஷம் உருப்போடுவோம். எனக்குக் கணக்கில் 200க்கு 198. கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம், வகை நுண்கணிதம் என்றால் என்னவென்று தெரியாது. அது 11ஆம் வகுப்பில் இருந்தது. 2018இல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

இரண்டாம் மண்டலம்தான் சைக்கிளின் 11ஆம் வகுப்பு. தசைகளில் மைட்டோகாண்ட்ரியா பெருகுவது, ரத்த நுண்குழாய்கள் கிளைப்பது, கொழுப்பை எரிபொருளாக்க உடல் பழகுவது என்று பல அடிப்படை வேலைகள் அங்கே குறைந்த செலவில் நடக்கின்றன. நடப்பது வெளியே தெரியாது. தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதற்கு மார்க் கிடையாது, யாரும் கைதட்ட மாட்டார்கள். 'கஷ்டப்படாமப் படிச்சா அது படிப்பா?' என்று கேட்டு வளர்க்கப்பட்ட எங்களுக்கு அந்த 75 நிமிடமும் திருட்டுத்தனமாகத் தெரிகிறது. வார்டன் பின்னால் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. ஐடியில் சேர்ந்த பிறகும் இதேதான். வேலை ஆறு மணிக்கு முடிந்தாலும் ராத்திரி பதினொன்று வரை லேப்டாப்பைத் திறந்துவைத்திருப்பவன்தான் சின்சியர்.

வீட்டுக்குள் மிதிக்கும்போது இது முற்றுகிறது. ஈசிஆரில் மெதுவாகப் போகிறவனுக்குத் துணைகள் உண்டு: கடற்காற்று, கோவளத்தில் ஒரு டீ, பக்கத்தில் பேசிக்கொண்டு வரும் ஆள். வீட்டில் எதிரே சுவரும் திரையும். அந்தத் திரையில் யாரோ ஒரு பெல்ஜியக்காரர் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். சும்மா இருப்பதற்குப் பயந்து பட்டனை அமுக்குகிறோம். அதற்கு உழைப்பு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

அடுத்த குற்றம் 'ஈடுகட்டுவது'. புதன் ராத்திரி ஆபீஸில் சர்வர் விழுந்து நான்கு மணிக்குத்தான் படுத்தேன் என்றால், வியாழன் பயிற்சி போனது போனதுதான். நான் விட மாட்டேன். வியாழனை வெள்ளிக்குத் தள்ளி, வெள்ளியின் ஓய்வை அழித்து, சனியின் நீண்ட சவாரியையும் முடித்துவிட்டு ஞாயிறு காலை கண்ணெரிச்சலோடு எழுவேன். அதே திட்டத்தை எடுத்திருந்த என் அலுவலக நண்பன் வீட்டில் எட்டு மாதக் குழந்தை. அவன் தவறவிட்டதைத் தவறவிட்டபடியே விடுவான். அவனுடைய அட்டவணையில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு. நான் உள்ளூரச் சிரித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அவன் செய்ததைத்தான் இப்போது விதியாகச் சொல்கிறேன்: குறைக்கலாம், கூட்டக் கூடாது. திட்டத்தில் இருக்கும் எண் வேதவாக்கு கிடையாது. நாம் பின்பற்றும் திட்டங்கள் பலவும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் முடங்கும் ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பெடலில் 200 வாட் கொடுக்க உடம்பு 800 வாட் அளவுக்கு எரிக்கிறது. மிச்சம் 600 வாட் வெப்பம். இஸ்திரிப் பெட்டியைத் தொடையில் கட்டிக்கொண்டு மிதிப்பதுபோல. சென்னையில், மே மாதத்தில், ஒரே ஒரு ஃபேனுக்கு முன்னால், அந்த வெப்பம் எங்கே போகும்? இதயத்துடிப்புதான் ஏறும். அன்றைக்கு 130ஐ 115 ஆக்குவது ஒழுங்கீனமே இல்லை. தூங்காத இரவுக்குப் பின் மிதிக்காமல் இருப்பதும் அப்படித்தான்.

இதற்கு இரண்டு எதிர்வாதங்கள் வரும். முதலாவது: 'ப்ரொஃபஷனல்கள் வாரம் இருபத்தைந்து மணி நேரம் மிதிக்கிறார்கள். நமக்குக் கிடைப்பது ஆறு. அதிலும் மெதுவாகப் போனால் எப்படி?' நியாயமான கேள்வி. ஆறு மணி நேரக்காரருக்கு எளிய பங்கு குறைவாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் திட்டம் எழுதியவர் அந்தக் கடினத்தை ஏற்கெனவே இரண்டு நாட்களில் வைத்துவிட்டார். செவ்வாயில் நீங்கள் திருடுவது வியாழனிடமிருந்துதான். கடினமாக உழைக்க வேண்டும் என்பவர்தான் எளிய நாளை முதலில் காப்பாற்ற வேண்டும்.

இரண்டாவது: 'குறைக்கலாம் என்று சொன்னால் எல்லோரும் சோம்பேறி ஆகிவிடுவார்கள்.' சிலர் ஆவார்கள். ஹேண்டில்பாரில் துண்டு காயட்டும். விடிகாலை நாலரைக்கு எழுந்து, காசு கொடுத்து வாங்கிய கருவியில், யாரும் கேட்காமலேயே வியர்க்கிற ஆளிடம் போய்ச் சோம்பலைப் பற்றி எச்சரிப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பட்டினி கிடக்கிறவனுக்கு டயட் சொல்வதுபோல் இருக்கிறது.

அந்தப் பன்னிரண்டு வாரமும் எதற்காக என்று இன்னும் சொல்லவில்லை. கொல்லிமலைக்காக. விடுதி மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் தூரத்தில் நீலமாக நின்ற மலை. இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அங்கே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டெஸ்ட் இருந்தது. முப்பது வயதைத் தாண்டி, அதன் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் என் காலால் ஏறிவிட வேண்டும் என்று ஒரு வெறி. ஒன்பதாவது வாரமே காலை எழும்போது இதயத்துடிப்பு 52இலிருந்து 61க்குப் போயிருந்தது. சளி விடவில்லை. ராத்திரியில் தூக்கம் வரவில்லை. உடம்பு சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டது. நான் கூட்டல் குறியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

41ஆவது வளைவில் இறங்கிவிட்டேன். மூச்சு இருந்தது, கால் இல்லை. மிச்சத்தைத் தள்ளிக்கொண்டும் ஏறிக்கொண்டும் சோளக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பன் டீ குடித்து முடித்து வெகுநேரமாகியிருந்தது. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு எடை குறைவு, அன்று நல்ல நாளாகவும் இருந்திருக்கலாம். என்னை உறுத்தியது அவன் முந்தியது அல்ல. கீழே சமவெளியில் எங்கோ இருந்த அந்தப் பள்ளியைவிட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும், வார்டனே இல்லாமல், பணம் கட்டி, என்னை நானே விடுதியில் அடைத்துவைத்திருந்தேன். மறுபடியும் 11ஆம் வகுப்பைத் தாண்டிக் குதித்திருந்தேன்.

அதன் பிறகு மூன்று மாதம் சைக்கிளைத் தொடவில்லை. திரும்ப ஆரம்பித்தபோது செய்த முதல் காரியம், கூட்டல் குறி கைக்கு எட்டாதபடி டேப்லெட்டைத் தள்ளி அலமாரியில் வைத்தது. எளிய நாட்களில் முன்பு போனை அணைத்துவிடுவேன். இப்போது அணைப்பதில்லை. போன செவ்வாய் அம்மா கூப்பிட்டார். நாற்பது நிமிடம் ஊர்க்கதை. வைக்கும்போது கேட்டார்: "என்னடா, மூச்சு வாங்காமப் பேசுற? இன்னிக்கு சைக்கிள் மிதிக்கலையா?"

"மிதிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்."