பாக்கி ஐம்பது டிகிரி

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எது நடந்தாலும் அதில் ஒரு பிரெஞ்சு சம்பந்தத்தைத் தோண்டி எடுத்துவிடுவோம். டர்போ கார் விஷயத்தில் அந்தச் சிரமம்கூட இல்லை. ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு டர்போ இன்ஜினைக் கொண்டுவந்ததே பிரெஞ்சுக்காரர்கள்தான்.

1977 ஜூலை. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன். மற்றவர்களெல்லாம் மூன்று லிட்டர் இன்ஜினோடு நிற்க, ரெனோ கம்பெனி ஒன்றரை லிட்டர் இன்ஜினில் ஒரு டர்போவை மாட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தது. ஓட்டியவர் ழான் பியேர் ழபூய். பந்தயம் முடிவதற்குள் கார் படுத்துவிட்டது. அதற்கப்புறமும் அடிக்கடி வெள்ளையாகப் புகைவிட்டு ஓரங்கட்டியது. இங்கிலீஷ்காரர்கள் 'மஞ்சள் டீ கெட்டில்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1979 ஜூலையில் பிரான்சின் டிஷோன் நகரத்துப் பந்தயத்தில் அதே ழபூய் ஜெயித்தபோது பிரெஞ்சு டிரைவர், பிரெஞ்சு கார், பிரெஞ்சு இன்ஜின், பிரெஞ்சு டயர். கெட்டில் என்று சொன்னவர்கள் அடுத்த சில வருஷங்களில் வரிசையில் நின்று டர்போவுக்கு மாறினார்கள்.

அந்த ரெனோவின் வாரிசு இன்று நம்ம பக்கத்தில் ஓடுகிறது. 2023-இல் தொடங்கிய இந்திய எஃப்4 பந்தயத்துக்கு வந்தது பிரான்சின் மிகால் கம்பெனி கார். இன்ஜின், ரெனோ குடும்பத்து ஆல்பைனின் 1.3 லிட்டர் டர்போ. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் லைட் போட்டு ஓட்டினார்களே, அதேதான்.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் நண்பன் ஒருவனுக்கு ஜுரம் வந்துவிட்டது. அவன் காருக்கும்.

நண்பனுக்குத் தனியார் வங்கியில் உத்தியோகம். பி.ஒய். நம்பர் போட்ட செகண்ட் ஹாண்ட் டர்போ ஹாட்ச்பேக். வாங்கின கையோடு கம்ப்யூட்டரை மாட்டி, குதிரைசக்தியை 150-க்கு ஏற்றிக்கொண்டான். வருஷத்துக்கு இரண்டு தடவை திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக இருங்காட்டுக்கோட்டைக்குப் போய், 1990 முதல் பந்தயம் நடக்கிற அந்த ட்ராக்கில் காசு கட்டிச் சுற்றிவிட்டு வருவான். போன தடவை நாலாவது சுற்றில் சிவப்பு லைட். ஹெட் கேஸ்கட் போய், லாரியில் ஊர் வந்து சேர்ந்தது கார்.

"மாப்ளே, போனஸ் வந்திருக்கு. இருக்கிறதிலேயே தடியான அலுமினிய ரேடியேட்டரா போட்டுடப் போறேன். இன்னொரு தடவை கேஸ்கட் போச்சுன்னா காரை வித்துடணும்னு வீட்ல சொல்லிட்டா."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தடி ரேடியேட்டர் பற்றி அவன் சொன்னதில்தான் இல்லை.

அடியேன் படித்தது பி.காம். எதையும் டெபிட், கிரெடிட்டாகப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். இன்ஜினும் ஒரு கணக்குப் புத்தகம்தான். பெட்ரோல் கொண்டுவரும் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு. ஒரு பங்கு சைலன்ஸர் வழியாக ஆகாசத்துக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீரிலும் ஆயிலிலும் ஏறிக்கொள்ளும். ஈ.சி.ஆரில் 80-இல் போகும்போது அவன் இன்ஜின் செலவழிப்பது பத்து கிலோவாட் சுமார். அதற்குரிய சூட்டைக் கம்பெனி ரேடியேட்டர் சீட்டி அடித்துக்கொண்டே வெளியே தள்ளிவிடும். ட்ராக்கில் கதை வேறு. ஆக்ஸிலரேட்டர் தரையோடு ஒட்டியிருக்கும்போது 110 கிலோவாட் சக்கரத்துக்கு. தண்ணீருக்குப் போகும் சூடு மட்டும் ஒரு அறுபது கிலோவாட். குளிக்க வெந்நீர் போட பக்கெட்டில் தொங்கவிடுகிறோமே ஹீட்டர் ராடு, 1,500 வாட், அதில் நாற்பதை ஒரே பக்கெட்டில் தொங்கவிட்ட மாதிரி.

இந்த அறுபதைத் தண்ணீர் தானே வைத்துக்கொள்ள முடியாது. காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். காற்று எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பது இரண்டுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. ஐரோப்பாவில் வெளியே 15 டிகிரி, தண்ணீர் 100 டிகிரி. வித்தியாசம் 85. இருங்காட்டுக்கோட்டையில் மே மாதம் வெளியே 40. வித்தியாசம் 60. அதே ரேடியேட்டர், அதே கார், வேலையில் மட்டும் முப்பது சதவிகிதம் வெட்டு.

இதோடு நிற்கிறதா? டர்போ என்பது காற்றைப் பிடித்து அமுக்குகிற யந்திரம். சைக்கிள் பம்ப்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சமாசாரம். 40 டிகிரிக் காற்றை ஒரு பார் அமுக்கினால் 130-ஐத் தாண்டிவிடும். அதை ஆற வைக்க இன்டர்கூலர். அதை எங்கே வைக்கிறார்கள்? பல கார்களில் ரேடியேட்டருக்கு நேர் முன்னால்! முன்னே நிற்பவன் விட்ட பெருமூச்சைத்தான் பின்னே இருப்பவன் சுவாசிக்கவேண்டும். ரேடியேட்டருக்கு வந்து சேரும் காற்று 50 டிகிரி. பாக்கி வித்தியாசம் ஐம்பது. இரண்டுக்கும் நடுவில் ஏ.ஸி. கண்டென்ஸர் வேறு ஓஸியில் குடியிருக்கும்.

இந்த வரிசையின் கடைசியில் ஒரு தடி ரேடியேட்டரைப் போட்டால் என்ன ஆகும்? முன் வரிசைக் குழாய்கள் நன்றாக ஆறும். பின் வரிசைக்குப் போகும்போது காற்று ஏற்கெனவே வெந்துபோயிருக்கும். தடிமன் கூடக்கூட காற்று உள்ளே நுழையவும் மறுக்கும். காற்றும் நம்மைப் போலத்தான். நேரு வீதியில் நெரிசல் என்றால் பக்கத்துச் சந்தில் புகுந்துவிடுகிறோம் இல்லையா? ரேடியேட்டரைச் சுற்றி இரண்டு விரல் சந்து இருந்தால் போதும், பாதிக் காற்று அந்த வழியாக நழுவிவிடும். மீதி, பம்பரில் முட்டி காருக்கு அடியில் ஓடிவிடும்.

நண்பன் காரின் மூக்கைக் குனிந்து பார்த்தேன். ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவு ஓட்டை. கீழே இருக்கவேண்டிய பிளாஸ்டிக் தட்டு, முந்தின ஓனர் காலத்திலேயே காலம் சென்றுவிட்டது. க்ரில்லில் எலுமிச்சை, மிளகாய். (அது சூட்டைக் கூட்டாது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

ஆக முதல் செலவு ரேடியேட்டர் இல்லை, தகரமும் மெத்தைக் கடை ஃபோமும். பம்பர் வாசலிலிருந்து ரேடியேட்டர் முகம் வரை நாலு பக்கமும் அலுமினியத் தகடு வைத்து, இடுக்கில் ஃபோம் திணித்து, உள்ளே வந்த காற்றுக்கு ரேடியேட்டரைத் தவிர வேறு வழி இல்லாமல் செய்ய வேண்டும். வாசல் பெரிதாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ரேடியேட்டர் முகத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும், சந்து இல்லாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அப்புறம் வெளியேறும் வழி. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போனெட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், காற்று மேலே உறிஞ்சப்படுகிற இடம் இருக்கிறது. அங்கே ஜன்னல் வெட்டினால் சூடு மேலே போகும். கண்ணாடிக்குப் பக்கத்தில் வெட்டினால் அங்கே காற்றழுத்தம் அதிகம், உள்ளே வரும். அழகுக்காக அங்கேதான் நிறையப் பேர் வெட்டுகிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. அளந்து பார்க்க வேண்டும். டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். இந்தக் காலத்துக் கார்களில் பலவற்றில் முள் 75-லிருந்து நூறைத் தாண்டும் வரை நட்ட நடுவில் புத்தர் மாதிரி உட்கார்ந்திருக்கும், கம்பெனியே அப்படிப் பழக்கியிருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. துளையில் சின்ன ப்ளூடூத் கருவி செருகினால் உண்மை டிகிரி செல்போனில் வரும். பக்கத்து சீட்டில் ஆள் வைத்து ஒவ்வொரு சுற்றுக்கும் எழுதச் சொல்லுங்கள். 96, 101, 103, 103 என்று நின்றால் வரவும் செலவும் டேலி. 96, 101, 106, 111 என்று ஏறினால் பற்றாக்குறை பட்ஜெட். மெதுவாகப் போகும்போது மட்டும் ஏறினால் ஃபேனைப் பாருங்கள். வேகத்தில் ஏறினால் காற்று வழியைப் பாருங்கள்.

காற்று வழியைச் சரிசெய்த பிறகும் ஏறினால், அப்போது வாங்கலாம் ரேடியேட்டர். தடிமனை விட முகம் அகலமானதாக. ஆனால் ஆயிலைத் தனியாகப் பிரித்துவிடுவது இன்னும் புத்திசாலித்தனம். பல டர்போ கார்களில் ஆயிலின் சூட்டையும் தண்ணீர்தான் சுமக்கிறது. முன் சக்கர வளைவில், தனி வாசலோடு, தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் கூலர் ஒன்று மாட்டினால் அந்தச் சுமை இறங்கும்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருக்கிறார். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிடுங்க சார், ஜில்லுனு ஓடும்." ஓடாது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் குறுக்குவழி அடைபடும். கழற்றிவிட்டால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே தலைகாட்டாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

மூடி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ரேடியேட்டர் மூடி என்பது குக்கர் வெயிட். ஒரு பார் அழுத்தம் பிடித்தால் தண்ணீர் 120-இல்தான் கொதிக்கும். ரப்பர் செத்த மூடி 100-லேயே கொதிக்க விட்டுவிடும். சில நூறு ரூபாய்ச் சாமான், ஒரு இன்ஜினைக் காவு வாங்கும். தண்ணீரும் அப்படித்தான். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஆயிக்கு பார்க் நடுவே மண்டபம் கட்டிய ஊர் இது. இருந்தாலும் கடலோர போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பு படிந்து குழாய் அடைக்கும். டிஸ்டில்டு வாட்டர், துருப்பிடிக்காத மருந்து சேர்ந்த கூலன்ட். பனி விழாத ஊரில் ஆன்டிஃப்ரீஸைப் பாதிக்குப் பாதி ஊற்றத் தேவையில்லை. தண்ணீர் அளவுக்கு அது சூட்டைச் சுமக்காது.

நண்பன் இப்போது தகரம் வெட்டிக்கொண்டிருக்கிறான். போனஸில் முக்கால்வாசி இன்னும் பாங்கிலேயே இருப்பதில் வீட்டில் லேசான சமாதானம். ட்ராக்கில் இறங்கும்போது அவன் செய்யவேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏ.ஸி. ஆஃப். 110-ஐத் தொட்டால் கௌரவம் பார்க்காமல் காலை எடு. ரொம்ப ஏறினால் ஹீட்டரை முழுசாகத் திற, 40 டிகிரி வெயிலில் நரகம்தான், ஆனால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டு. நிறுத்தியதும் சாவியைத் திருப்பாதே, டர்போவுக்குள் நிற்கும் ஆயில் கருகிவிடும், இரண்டு நிமிஷம் ஐடிலிங்கில் விடு. போனெட்டைத் திறக்கலாம். ரேடியேட்டர் மூடியை மட்டும், யார் எவ்வளவு பெரிய மெக்கானிக் வந்து சொன்னாலும், கையால் தொட்டுச் சுடவில்லை என்று தெரிகிற வரைக்கும் திறக்காதே.